டெயில் லைட்டுக்குள் தண்ணீர்

அக்கா: [படம்] ராத்திரி மழையில் கார் வெளியில் நின்றது. வலது டெயில் லைட்டுக்குள் வேர்த்த மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு கும்பகோணம் கிளம்ப வேண்டும். பெரிய மாமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

சின்ன மாமா: ஐப்பசி மழையில் இது எல்லா வண்டிக்கும் வரும் பாப்பா. வெயில் அடித்தால் போய்விடும்.

அத்தான்: சுற்றிலும் சிலிக்கான் பூசிவிடவா? வீட்டில் ட்யூப் இருக்கிறது.

பெரிய மாமா: மாப்பிள்ளை, பூசாதீர்கள், பொறுங்கள். அது ஆவியா, தண்ணீரா என்று முதலில் தெரியணும். டெயில் லைட் முழுக்க அடைத்த பெட்டி இல்லை. காற்று போய்வர பின்பக்கம் சின்னத் துவாரம் இருக்கும். பல்பு எரிந்தால் உள்ளே காற்று விரிந்து வெளியேறும். அணைந்து குளிர்ந்ததும் வெளிக்காற்றை இழுக்கும். மழைநாளில் அந்தக் காற்றில் ஈரம்தானே அதிகம்? அது லென்ஸில், அதாவது லைட்டின் வெளி மூடியில், படியும். மெல்லிசாகப் படிந்து, லைட் போட்டு ஓட்டியதும் கலைந்தால் தம்பி சொன்னதுதான் சரி. சொட்டுச் சொட்டாக நின்றால், அடியில் தேங்கினால், எங்கோ ஒழுகுகிறது.

அக்கா: டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் தேங்கித்தான் இருக்கிறது.

நான்: அக்கா, பிரேக் லைட் எரிகிறதா பார்.

அக்கா: இவரை மிதிக்கச் சொன்னேன். இடது எரிகிறது, வலது எரியவில்லை!

பெரிய மாமா: பல்பு ஹோல்டரில் ஈரம் இறங்கித் தகட்டில் பச்சை பூத்திருக்கும். இதோடு ராத்திரிப் பயணம் வேண்டாம்மா. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது சரியாகத் தெரியாது. குழந்தைகள் பின் சீட்டில் இருப்பார்கள்.

அத்தான்: இன்றைக்கே கழற்றுகிறேன் மாமா. எப்படி என்று சொல்லுங்கள்.

பெரிய மாமா: லைட்டை அணைத்துவிட்டு டிக்கியைத் திறந்து ஸ்குரூவைக் கழற்றுங்கள். லைட்டை நேராகப் பின்னால் இழுக்கணும், நெம்பினால் கிளிப் உடையும். ஹோல்டர் கால் சுற்றுத் திருப்பினால் வந்துவிடும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வெயிலில் வையுங்கள். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூடு, தள்ளிப் பிடிக்கணும். லென்ஸ் பிளாஸ்டிக், வளைந்துவிடும்.

சின்ன மாமா: செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல், அதைப் போட்டால்?

பெரிய மாமா: ஈரத்தைக் குடித்து நிறைந்ததும் அதற்கு வேலை முடிந்தது தம்பி. ஒழுகும் வழி அப்படியே இருக்கும். பல்பில் பட்டால் பொட்டலம் கருகவும் கருகும்.

மாப்பிள்ளை, காய்ந்ததும் லென்ஸ் பக்கம் கீழாக வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். பின்பக்கத் துவாரங்கள் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். எந்த மூலையில் உள்ளே கசிகிறதோ அங்கேதான் பூச்சு வேண்டும்.

நான்: என் வண்டியில் எல்இடி மாமா. அதிலும் பனி படிகிறது.

பெரிய மாமா: எல்இடிக்குச் சூடு குறைவு, கலைய நேரம் ஆகும். சொட்டு நின்றால் மட்டும் விடாதே, உள்ளே போர்டு போனால் பெரும்பாலும் லைட்டையே மாற்றணும். வாரன்டி இருக்கும்போதே படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டு.

அத்தான்: [படம்] கண்டுபிடித்துவிட்டேன். மேல் மூலையில் லென்ஸும் லைட்டின் பின் கூடும் ஒட்டியிருக்கும் இடம் விட்டிருக்கிறது. வாட்டர் வாஷில் அந்த இடத்தில்தான் பைப்பை நேராக அடிப்பார்கள்.

பெரிய மாமா: அதுதான் வழி. அந்த இடத்தைத் துடைத்து, காயவைத்து, பிறகு பூசுங்கள். வீட்டு ட்யூப் வினிகர் வாசம் அடித்தால் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். காற்றுத் துவாரத்தில் மட்டும் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. அதில் மண்ணோ சிலந்தி வலையோ இருந்தால் எடுத்துவிடுங்கள். ஹோல்டர் தகட்டை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, 21/5 வாட் பல்பு (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5) புதிதாகப் போடுங்கள்.

அக்கா: வலது பிரேக் லைட் எரிகிறது மாமா! பூச்சு எவ்வளவு நேரம் காயணும்?

பெரிய மாமா: 24 மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்கட்டும். அப்புறம் ஹோஸால் மெதுவாக நனைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு.

அக்கா: சரி மாமா. வண்டியைக் கார் ஷெட்டுக்குள் ஏற்றிவிட்டோம்.