கவர் லெட்டரால மானம் போன கதை இருந்தா இங்க போடுங்க

கிழங்குக் கணக்கு:
போன மாசம். ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை, அக்கவுண்ட்ஸ் வேலை. நெட்ல கெடச்ச லெட்டர்ல பேரை மட்டும் மாத்தி அனுப்பிட்டேன். இன்டர்வியூக்குப் போனா ஓனர் அதை பிரிண்ட் எடுத்து வச்சிருக்காரு, செவப்புப் பேனாவுல ஒரு வட்டம். "உங்களைப் போன்ற டைனமிக் ஆர்கனைசேஷன்"ங்கிற எடம். சன்னல் பக்கம் கையைக் காட்டினாரு. களத்துல ஜவ்வரிசி காயுது, ரெண்டு அக்கா கிளறி விடுறாங்க, ஓரமா ஒரு நாய் தூங்குது. "இதுல எது தம்பி டைனமிக்?"

அதுகூடப் பரவால்ல. அடுத்து, "பாயிண்ட் பாத்து பில் போட வருமா"ன்னாரு. எங்கப்பா இருபது வருசமா ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு போடுறவரு. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட், பாயிண்டுக்கு என்ன ரேட்டுன்னு எட்டாவது படிக்கும்போதே சிட்டையில கணக்கு எழுதுனவன் நான். சொன்னேன். "அப்ப இதை ஏன் எழுதல?"ன்னாரு. வாயே தொறக்கல. வேற ஆளை எடுத்துட்டாங்க.

அஸ்தம்பட்டிக்காரி:
ஏற்காட்டுல இருந்து பஸ்ல எறங்கும்போது ரெண்டு மில்லுக்கு மெயில் போட்டேன். சென்ட் அமுக்கிட்டு ஒரு தடவை படிச்சேன், ரெண்டாவது லெட்டர்லயும் முதல் மில்லு பேரே இருக்கு. அன்டூ குடுக்கறதுக்குள்ள வண்டி வளைவுல திரும்பி டவர் போயிருச்சு. ஜிமெயில்ல அன்டூ அதிகபட்சமே 30 செகண்டுதாங்க. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. இப்பவும் அந்த 14-ம் நம்பர் போர்டைப் பாத்தா வயித்தைக் கலக்குது.

ஜங்ஷன் எச்ஆர்:
தம்பி கிழங்கு, டைனமிக் மேல தப்பு இல்ல. நீங்க எந்த வேலைக்குன்னே முதல் வரியில சொல்லியிருக்க மாட்டீங்க. பத்து வருசமா லெட்டர் படிக்கிறவன் சொல்றேன். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. விளம்பரத்துல என்ன கேட்டிருக்காங்களோ அதுல ரெண்டு விசயத்தை எடுத்து, அதை எங்க செஞ்சீங்கன்னு எழுதணும். ரெஸ்யூமையே திரும்ப ஒப்பிக்கக் கூடாது. நடுவுல ரெண்டு வருசம் வேலை இல்லைன்னா ஒரே வரியில காரணம் சொல்லிட்டுப் போயிரணும், மறைச்சா அதைத்தான் நோண்டுவோம். கேக்காம சம்பளத்தைப் பத்திப் பேசக் கூடாது. மெயில்னா லெட்டரை மெயில்லயே எழுதுங்க, ரெஸ்யூமை மட்டும் பிடிஎஃபா சேருங்க. ஃபைலுக்கு உங்க பேரை வைங்க, "நியூ ஃபைனல் 3"ன்னு வரக் கூடாது. அந்தம்மாவுக்கும் சொல்றேன், பஸ்ல உக்காந்து யாராவது அப்ளிகேஷன் போடுவாங்களா?

என் கதைன்னா, ஒருத்தர் அட்டாச்மென்ட்ல கல்யாணப் பத்திரிகையை அனுப்பிட்டாரு. கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னேன்.

கிழங்குக் கணக்கு:
முதல் வரியிலயே போஸ்ட் பேரு போட்டிருந்தேங்க சார். படிக்காமயே சொல்றீங்க.

அஸ்தம்பட்டிக்காரி:
சார், கதை கேட்டாங்க, கிளாஸ் கேக்கல.

செவ்வாய்ப்பேட்டை டைப்:
சண்டை வேணாங்க. 96-ல டைப்பிங் இன்ஸ்டிடியூட்ல இருந்தேன், அப்ளிகேஷன் அடிச்சுக் குடுத்தா அஞ்சு ரூபா. மலையில இருந்து ஒரு பெரியவர் வந்தாரு, மகளுக்கு ஆபீஸ் வேலைக்கு. நான் பாட்டுக்கு "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் அட்வர்டைஸ்மென்ட்"னு அடிச்சிட்டு இருக்கேன். அவரு குனிஞ்சு, "சாமி, காப்பிப் பழம் எடுக்கற சீசன்ல எஸ்டேட் ஆளுங்களுக்கு எடை போட்டுக் கூலி எழுதறது எம் பொண்ணுதான், ஒரு பைசா பிசகுனதில்ல, அதையும் போடு"ன்னாரு. "அதெல்லாம் லெட்டர்ல வராதுங்க ஐயா"ன்னுட்டேன். எனக்கே இருபது வயசு, என்ன தெரியும்? அவரும் மறுத்துப் பேசல. கார்பன் காப்பி ஒண்ணு கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு, சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனாரு. இந்தத் தம்பி பாயிண்ட் கணக்கு எழுதாததைப் படிச்சதும் அந்த கவர்தான் கண்ணு முன்னாடி வருது.

அஸ்தம்பட்டிக்காரி:
அந்தப் பொண்ணுக்கு வேலை கெடச்சுதாங்கண்ணா?

செவ்வாய்ப்பேட்டை டைப்:
தெரியாதுங்க. அப்புறம் அவரு வரவே இல்ல.

ஜங்ஷன் எச்ஆர்:
அதை ரெண்டாவது பத்தியில போட்டிருக்கலாம்.