புளியரை ஏத்தத்துல மட்டும் ஏசி சூடாகுது: பழைய டாரஸ், 24 வோல்ட்

செங்கோட்டை டாரஸ்:
2014 மாடல் பத்து சக்கரம். ஏசி வண்டியோட வந்தது இல்ல, வெளியில மாட்டுன கிட். கண்டென்சர் (ஏசி கேஸோட சூட்டை வெளியே விடுற பாகம்) ரேடியேட்டருக்கு முன்னால, அதுல ரெண்டு எலக்ட்ரிக் பேன். தென்காசியில ஜல்லி ஏத்திட்டு புளியரை வரைக்கும் கூலிங் அருமையா இருக்கு. எஸ் வளைவுல ரெண்டாம் கியர் போட்டு ஏறும்போது காத்து சூடாகிடுது. ஆரியங்காவுல வரிசையில நின்னாலும் அதே கதைதான். தென்மலை தாண்டி வண்டி வேகம் எடுத்தா தானா சரியாகுது. கேஸ் கம்மின்னு ஒரு கடையில ஒரு டின் ஏத்துனாங்க, அதுக்கப்புறம் இன்னும் சீக்கிரமா சூடாகுது. இன்ஜின் டெம்பரேச்சர் சரியாத்தான் காட்டுது. இப்போ கம்ப்ரஸரை மாத்தணும்கிறாங்க. அதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும் அண்ணாச்சி?

லோசைடு ஹைசைடு:
கம்ப்ரஸர்ல கை வைக்காதீங்க. கம்ப்ரஸர் தேஞ்சிருந்தா ஐடில்ல கூலிங் குறைஞ்சு, ஆர்பிஎம் ஏற ஏறக் கூடும். ரெண்டாம் கியர்ல இன்ஜின் நல்லா சுத்துறப்பதான் உங்களுக்குச் சூடாகுது. அதனால கேஸை அழுத்துற வேலை ஒழுங்கா நடக்குது, அந்தச் சூட்டைக் கண்டென்சர் வெளியே விடல. சமதரையில வண்டி ஓடுற வேகமே காத்தைத் தள்ளிடும். ஏத்தத்துல பேனை விட்டா வேற வழி கிடையாது.

லோ சைடு (கம்ப்ரஸருக்குள்ள கேஸ் வர்ற பக்கம்), ஹை சைடு (அழுத்தி வெளியே அனுப்புற பக்கம்) ரெண்டுக்கும் பிரஷர் கேஜ் மாட்டி, வண்டியை நிறுத்தி வச்சு, 1500 ஆர்பிஎம், புளோயர் ஃபுல், ரெண்டு கதவும் திறந்து பத்து நிமிஷம் ஓட விடுங்க. ஆர்134ஏ கேஸுக்கு வெளியே 33, 34 டிகிரி வெயில்ல லோ சைடு 25–40 பிஎஸ்ஐ, ஹை சைடு 200–250 பிஎஸ்ஐ இருந்தா நல்லது. ரெண்டும் தாழ்ந்திருந்தா கேஸ் லீக். லோ ஏறி ஹை இறங்கியிருந்தா அப்பத்தான் கம்ப்ரஸர் மேல சந்தேகம். லோ சைடு வேக்கம் பக்கம் (சைபருக்குக் கீழே) போனா எக்ஸ்பான்ஷன் வால்வுல (பிரஷரைக் குறைச்சு கேஸைக் குளிர வைக்கிற வால்வு) அடைப்பு, இல்ல உள்ளே ஈரம் உறைஞ்சிருக்கு. ரெண்டுமே ஏறியிருந்தா மூணு காரணம்: கண்டென்சருக்குக் காத்து இல்ல, கேஸ் அதிகம், இல்ல உள்ளே வெறும் காத்து கலந்திருக்கு.

மூணையும் பிரிக்க, கேஜ் மாட்டியபடியே கண்டென்சர் மேல ஒரு குடம் தண்ணியை மெதுவா ஊத்துங்க. ஹை சைடு மளமளன்னு விழுந்து வென்ட்ல குளிர் வந்தா காத்தோட்டம்தான் குறை. காத்து கலந்திருக்கான்னு பார்க்க, ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில ஸ்டார்ட் பண்ணாம கேஜ் பாருங்க. 30 டிகிரியில சுத்தமான ஆர்134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும், 28-ல சுமார் 91. அதைவிட 15, 20 கூட இருந்தா காத்தோ வேற கேஸோ கலந்திருக்கு. கேஸ் அதிகமா இருக்கிறது மட்டும் இந்த டெஸ்ட்ல தெரியாது. உள்ளே திரவம் இருக்கிற வரைக்கும் அரை டின்னும் ரெண்டு டின்னும் ஒரே பிரஷர்தான் காட்டும். எடை போட்டாத்தான் தெரியும். கேஜ் பார்க்காம ஏத்துன டின் கெடுதல் செய்யுறதே இதனாலதான்.

கிளட்ச் கேப்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். சூடாகுற நேரத்துல கம்ப்ரஸர் கிளட்ச் சுத்துதான்னு பாருங்க. சுத்தாம, காயில்ல 24-க்கு மேல வோல்ட் இருந்தா கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல கேப் கூடிப்போச்சு. ஃபீலர் கேஜ்ல 0.4–0.8 மி.மீ. இருக்கணும், மேல போனா ஒரு ஷிம் (மெல்லிய வாஷர்) எடுக்கணும். காயிலுக்கு வோல்ட்டே வரலைன்னா பிரஷர் சுவிட்ச் கட் பண்ணுது. அதை வயர் போட்டு நேரா கொடுத்துடாதீங்க, ஹோஸ் வெடிக்கும்.

புனலூர் லைன்:
ஹீட்டர் இருக்கிற கேபினா? இருந்தா, நாப் கூல்ல இருக்கும்போது வால்வுக்கு அப்பால ஹீட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. சுட்டா வால்வு லீக். ஏத்தத்துல அதுவும் வென்ட் காத்தைச் சூடாக்கும்.

செங்கோட்டை டாரஸ்:
ஹீட்டர் இல்ல. காலையில 28 டிகிரியில 92 இருந்துச்சு. ஓடும்போது லோ 52, ஹை 340. தண்ணி ஊத்துனா 275-க்கு வந்து அங்கேயே நிக்குது. கிளட்ச் சுத்துது, ஆனா ரெண்டு பேனும் சுத்தல. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தொடரா வயர் போயிருக்கு.

லோசைடு ஹைசைடு:
அப்போ ரெண்டு கோளாறு. காத்து கலக்கல, 92 சரி. பேன் நின்னது முதல் கோளாறு. தண்ணி ஊத்தியும் 275-ல நிக்கிறதைப் பார்த்தா மேல ஏத்துன டின் அதிகம்.

பேன் ரெண்டும் காரோட 12 வோல்ட் மோட்டாரா இருக்கும், சீரிஸ்ல கோர்த்து 24-ல ஓட்டியிருக்காங்க. அந்த இணைப்புல ஒரு மோட்டார் கார்பன் தேஞ்சா ரெண்டும் நிக்கும். ஒரு மோட்டார் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆனா மிச்ச மோட்டாருக்கு முழு 24-ம் போய் எரியும். 24 வோல்ட் மோட்டார் ரெண்டு வாங்கி, ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபியூஸ், 24 வோல்ட் ரிலே, கிளட்ச் வயர்ல இருந்து சிக்னல், எர்த் நேரா சேஸிஸ்ல கொடுங்க. மாட்டினதும் கண்டென்சர் முன்னால செய்தித்தாள் பிடிங்க. இழுத்து ஒட்டிக்கணும். தள்ளி விட்டா வயரை மாத்திக் கொடுங்க. தலைகீழா சுத்துற பேன் இல்லாத பேனைவிட மோசம், ஓடும்போது வர்ற காத்தையும் எதிர்க்கும்.

ஜல்லி லோடு ஓடுறதால கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல கல் தூசி கெட்டியா இருக்கும். முன்னால இருந்து அடிச்சா அது இன்னும் உள்ளே போகும். போல்ட் கழட்டி, கண்டென்சரை ஹோஸோட சாய்ச்சு, பின்பக்கத்துல இருந்து சாதா குழாய்த் தண்ணி விடுங்க. வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், கண்டென்சரோட மெல்லிய தகடு (ஃபின்) எல்லாம் மடங்கிடும்.

அப்புறம் கேஸ் முழுசா மிஷின்ல எடுத்து, 30–45 நிமிஷம் வேக்கம் போட்டு, பம்ப்பை நிறுத்தி கால் மணி நேரம் முள் அசையுதான்னு பார்த்து, எடை போட்டு ஏத்தச் சொல்லுங்க. லைனைத் திறக்காததால டிரையரும் (ஈரத்தை உறிஞ்சுற டப்பா) ஆயிலும் மாத்த வேண்டாம். கேஸோட வெளியே வந்த ஆயிலை மட்டும் அளந்து அதே அளவு, அதே வகை பிஏஜி ஆயில் (கம்ப்ரஸர் ஆயில்) விடணும். 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகுற பெரிய லாரிக்குத்தான் கம்பெனி ஏசி கட்டாயம். உங்களை மாதிரி வெளிக்கிட்ல எத்தனை கிராம்னு ஸ்டிக்கர் பல நேரம் இருக்காது. கிட் பேப்பரும் கிடைக்கலைன்னா, 1500 ஆர்பிஎம்ல சைட் கிளாஸ்ல (கேஸ் ஓடுறதைப் பார்க்குற சின்னக் கண்ணாடி) குமிழி நின்னு, கேஜ் நான் சொன்ன அளவுக்குள்ள வரும்போது நிறுத்தி, தராசு காட்டுற கிராமைக் கண்டென்சர் பிரேம்ல பெயின்ட்ல எழுதி வையுங்க.

கிளட்ச் கேப்:
340 வரைக்கும் ஏறின வண்டி. ஹை சைடு ஓ-ரிங் எல்லாம் சோப்புத் தண்ணி போட்டுப் பாருங்க, பிரஷர் ரிலீஃப் வால்வுல எண்ணெய்க் கசிவு இருக்கான்னும் பாருங்க.