எலிக்குள் செலுத்திய மனிதக் கொழுப்பு ஸ்டெம்செல்: சிவப்பாகத் தெரிவதெல்லாம் செல்தானா?

கேள்வி:
லைப்போசக்‌ஷனில் (உடலிலிருந்து உறிஞ்சி எடுக்கும் அறுவையில்) கிடைத்த கொழுப்பிலிருந்து பிரித்து வளர்த்த மனித ஸ்டெம்செல்களுக்கு பி.கே.எச்.26 என்னும் சிவப்பாக ஒளிரும் சாயம் ஏற்றி, நியூட் எலியின் (எதிர்ப்புச் சக்தி குறைந்த ஆய்வக எலி) தொடைத் தசையில் ஊசி மூலம் செலுத்தினேன். நான்கு வாரம் கழித்து செக்‌ஷன் (மெல்லிய திசுச் சீவல்) வெட்டிப் பார்த்தால் ஊசி போன தடம் முழுக்கச் சிவப்பு. ஆனால் சில இடங்களில் அது செல் வடிவத்திலேயே இல்லை, தசைநார்களுக்கு நடுவே பொடிப்பொடியாகக் கிடக்கிறது. "உயிரோடு இருக்கும் மனித செல் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கைடு (ஆய்வு வழிகாட்டி) கேட்கிறார். மிச்சமிருக்கும் பிளாக்கை (இன்னும் வெட்டாத திசுக்கட்டியை) வைத்தே இதற்குப் பதில் தேட முடியுமா?

பதில் 1:
உங்கள் கைடு கேட்டது நியாயம்தான். பி.கே.எச். செல் சவ்வின் கொழுப்பில் போய் உட்காரும் சாயம். செல் செத்தாலும் சவ்வுத் துண்டுகளில் சாயம் அப்படியே இருக்கும், அதை எலியின் மேக்ரோபேஜ் (செத்த செல்களை விழுங்கும் எதிர்ப்புச் செல்) விழுங்கினால் அதுவும் சிவப்பாகத் தெரியும். நியூட் எலிக்கு எதிர்ப்புச் செல்களில் டி செல்தான் இல்லை, மேக்ரோபேஜும் என்.கே. என்னும் எதிர்ப்புச் செல்லும் நன்றாகவே வேலை செய்யும். அந்தப் பொடி பெரும்பாலும் இந்த வகைதான் என்பது என் ஊகம்.

முதலில் செலவில்லாத வேலை ஒன்று: டேப்பி (டி.என்.ஏ.வில் ஒட்டி நீலமாக ஒளிரும் சாயம்) போட்டு உட்கருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். எலியின் உட்கருவில் பளிச்சென்று பல புள்ளிகள் தெரியும், மனித உட்கரு ஓரளவு சீராக இருக்கும். சிவப்புக்குள் புள்ளி புள்ளியான உட்கரு இருந்தால் அது எலி செல். இதை மட்டும் நம்பிப் பேப்பர் எழுத முடியாது, ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம் மனித செல்லை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி, அதாவது மனித நியூக்ளியர் ஆன்டிஜென் அல்லது மனித லேமின் ஏ/சி என்னும் உட்கருப் புரதத்தைப் பிடிப்பது. பக்கத்து செக்‌ஷனில் எஃப்4/80 (எலி மேக்ரோபேஜைக் காட்டும் ஆன்டிபாடி) போட்டு மேக்ரோபேஜையும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது, ட்ரைட்டன் (ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வில் ஓட்டை போடும் சோப்பு) போட்டால் பி.கே.எச். சாயம் கழுவிக்கொண்டு போய்விடும் அல்லது பக்கத்தில் பரவும். அதனால் சிவப்பை முதலில் படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு ஆன்டிபாடிக்குப் போங்கள். இந்த ஆன்டிபாடிகளில் பல எலியில் தயாரானவை, எலித் திசுவில் போடும்போது செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) எல்லாவற்றிலும் ஒட்டும், அதைத் தடுக்கும் பிளாக்கிங் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பதில் 2:
மனித செல்லின் எண்ணிக்கை வேண்டுமென்றால் ஆலு பி.சி.ஆர்., அதாவது ஆலு என்னும் டி.என்.ஏ. தொடரைப் பெருக்கி அளக்கும் சோதனை. மனித ஜீனோமில் சுமார் 10 சதவீதம் ஆலு தொடர்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பிரதிகள், எலியில் இவை கிடையாது. அதனால் ஒரு தசைத் துண்டுக்குள் கொஞ்சம் மனித செல் இருந்தாலும் அகப்படும். ஆனால் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. உங்கள் கையிலிருந்து உதிரும் டி.என்.ஏ.வும் மனித டி.என்.ஏ.தான், வெறும் தண்ணீர் கன்ட்ரோலிலேயே மனித டி.என்.ஏ. இருப்பதாகக் கோடு எழும்பி வெறுப்பேற்றும். செல் செலுத்தாத எலித் தசையில் தெரிந்த எண்ணிக்கையில் மனித செல்லைக் கலந்து, ஒப்பிட்டு எண்ண ஸ்டாண்டர்டு கர்வ் (அளவுக்கோடு) போடுங்கள்.

பதில் 3:
அடுத்த பேட்ச் போடுவதாக இருந்தால் சாயத்தை விட்டுவிட்டு, செல்லுக்குள் ஜீனாகப் புகுத்தும் லூசிஃபெரேஸுக்கு (மின்மினியின் ஒளி நொதி) மாறுங்கள். அது ஒளிர ஏ.டி.பி.யும் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) ஆக்ஸிஜனும் வேண்டும், எனவே செத்த செல் ஒளிராது, அதே எலியை வாரக்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த ஜீனை இயக்கும் சுவிட்சாக சி.எம்.வி. ப்ரமோட்டர் வைத்தால் அது ஸ்டெம்செல்லில் நாளடைவில் அடங்கிப்போகலாம், அப்போது செல் சாகாமலே வெளிச்சம் குறையும். இ.எஃப்.1 ஆல்ஃபா ப்ரமோட்டர் பரவாயில்லை. இரும்பு ஆக்சைடு ஏற்றி எம்.ஆர்.ஐ.யில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயும் மேக்ரோபேஜ் தொல்லை இதேதான், போதாக்குறைக்கு ஊசி குத்திய இடத்து ரத்தக்கசிவும் கறுப்பாகவே தெரியும்.

கேட்டவர்:
பிளாக் பாரஃபின் மெழுகில் பதித்தது இல்லை, உறையவைத்ததுதான். டேப்பி ஏற்கெனவே போட்ட ஸ்லைடு இருக்கிறது, இன்றே பார்க்கிறேன். செத்த செல் கன்ட்ரோல் அவசியமா?

பதில் 1:
கட்டாயம். சாயம் ஏற்றிய செல்லை உறையவைத்து உருக்கிக் கொன்று, இன்னொரு எலிக்குச் செலுத்துங்கள். அதிலும் நான்காவது வாரம் இதே சிவப்பு தெரிந்தால், சிவப்பு மட்டும் உயிருக்குச் சாட்சி இல்லை என்று உங்கள் கைடிடம் காட்ட வேறு படமே தேவைப்படாது.