எட்டு கார் நிற்கும், போதாதா?

மாமா: நம் முனை மனையைக் கேட்கும் காபிக் கடைக்காரர் வரைபடம் அனுப்பியிருக்கிறார். காரை விட்டு இறங்காமலே வாங்கிப்போகும் டிரைவ் த்ரூ பாதையில், ஜன்னலில் நிற்பதையும் சேர்த்து 8 கார் நிற்குமாம். காலைக் கூட்டத்தில்கூட சராசரி 4 கார்தானாம். கையெழுத்துப் போட்டுவிடலாமா?

அக்கா: அவசரப்படாதீர்கள் மாமா. உள்ளே நுழையும் வழி எங்கே இருக்கிறது?

மாமா: நாற்சந்தியை ஒட்டி.

அத்தை: ஒன்பதாவது கார் வந்தால் நம் வாசலில்தான் நிற்கும். அதையும் சொல்லுங்கள்.

அக்கா: அப்போ கணக்குப் போட்டே ஆக வேண்டும். தம்பி, இதே அளவில் ஓடுகிற வேறு கடை எதிரே நாளைக் காலை ஒரு மணி நேரம் உட்கார். வரும் கார்களை எண்ணு, நேரத்தையும் குறித்துக்கொள்.

தம்பி: தூக்கம் போச்சு 😴

*மறுநாள்*

தம்பி: எண்ணிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் 40 கார். ஒரு காருக்கு 6 நிமிடம் ஆகிறது.

மாமா: 6 நிமிடமா! அப்படியானால் மணிக்கு 10 கார்தானே போகும்? மீதி 30 எங்கே நின்றது?

தம்பி: 40-உம் போய்விட்டதே மாமா 🙄

அக்கா: அவன் குறித்தது நுழைந்தது முதல் வெளியேறும் வரை. ஒருவர் மெனு போர்டில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஜன்னலில் வாங்குவார், நடுவில் இரண்டு பேர் காத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது வேறு. பின்னால் கார் காத்திருக்கும் சமயத்தில், ஜன்னலை விட்டு ஒரு கார் நகர்ந்ததற்கும் அடுத்தது நகர்ந்ததற்கும் எத்தனை விநாடி?

தம்பி: அதுவும் நோட்டில் இருக்கிறது. 55, 63, 70, 58… வெள்ளைக் கார் ஒன்று மட்டும் 220! பின்னால் ஒரே ஹாரன். எல்லாம் சேர்த்து சராசரி 72.

அக்கா: அருமை. 72 விநாடி என்றால் மணிக்கு 50 கார் அனுப்பலாம். வருவது 40, அதாவது 80 சதவீத நேரம் ஜன்னலுக்கு ஓய்வில்லை. 40-ஐ 50க்கும் 40க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள், 4 வரும். கடைக்காரர் சொன்ன சராசரி சரிதான். உன் 6 நிமிடமும் ஒத்துப்போகிறது தம்பி: மணிக்கு 40 கார், ஒவ்வொன்றும் மணியில் பத்தில் ஒரு பங்கு நேரம் உள்ளே. அதுவும் 4. வரும் வேகத்தை உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் சராசரி எத்தனை கார் நிற்கும் என்று வரும்; ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-இல் நிரூபித்த விதி.

மாமா: பார்த்தாயா! 4-க்கு 8, இரட்டிப்பு இடம்.

அக்கா: சராசரி 4 என்றால் ஒரு சமயம் காலியாக இருக்கும், ஒரு சமயம் 12 நிற்கும். 0.8-ஐ ஒன்பது தடவை எழுதிப் பெருக்குங்கள் மாமா. 8-ஐத் தாண்டும் வாய்ப்பு அதுதான்.

மாமா: 0.134

அக்கா: கூட்ட நேரத்தில் மணிக்கு 8 நிமிடம் வால் ரோட்டில் கிடக்கும். இதை 5 சதவீதத்துக்குள் கொண்டுவர 13 கார் நிற்க வேண்டும். காருக்கு 7 மீட்டர் வைத்தால் 91 மீட்டர்.

அத்தை: நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

தம்பி: அக்கா, ஒரு விஷயம். மூன்று கார் வந்து, வரிசையைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டன. அவற்றை எண்ணவில்லை.

அக்கா: அடடா, அவர்களும் காபிக்கு வந்தவர்கள்தானே! அப்போ 43. இடம் 19 வேண்டும்.

மாமா: மூன்று கார் கூடியதற்கு ஆறு இடமா?

அக்கா: விளிம்பு வரை நிரம்பிய பானை மாமா. 45 வந்தால் 28 இடம்.

மாமா: மனையே அவ்வளவு நீளம் இல்லை!

அக்கா: நீளத்தை விடுங்கள், விநாடியைப் பிடியுங்கள். 72-ஐ 60 ஆக்கினால் 45 கார் வந்தாலும் 10 இடம் போதும். பெரிய ஆர்டர்காரர்களை ஜன்னலைத் தாண்டி ஓரமாக நிற்கச் சொல்லி, கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நெரிசலில் ஓர் ஆள் வரிசையில் நடந்தே ஆர்டர் எடுக்கலாம். மெனு போர்டை ஜன்னலுக்கு மிக அருகில் வைக்கக் கூடாது, நடுவில் நாலு காராவது நிற்க வேண்டும். என் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். ஜன்னல் நேரம் இந்தக் கணக்கு நினைக்கிற அளவுக்கு நிஜத்தில் தாறுமாறாக இருக்காது. ஆனால் சிக்னல் விழுந்ததும் நாலு கார் சேர்ந்து வருமே, அது இதில் இல்லை. கடைக்காரரிடம் அவருடைய மற்ற கடைகளின் ஜன்னல் விநாடியைக் கேளுங்கள், காலை நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்கச் சராசரி கொடுத்தால் வாங்காதீர்கள்.

மாமா: சரி, கையெழுத்து இப்போதைக்கு இல்லை. தம்பி, திங்கட்கிழமையும் போய் உட்கார்.

தம்பி: 😭 அந்த 220 விநாடியை மட்டும் எடுத்துவிடலாமா அக்கா? அது ஏதோ ஒரு தடவை நடந்தது.

பெரியப்பா: அந்த வெள்ளைக் கார் நான்தான். உங்கள் பெரியம்மாவுக்குச் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள், மாற்றி வாங்கினேன்.

அக்கா: எடுக்காதே தம்பி. தினமும் ஒரு பெரியப்பா வருவார்.