பவானிசாகர் திட்டுல பரிசல் கட்டுன கதைங்க

எல்லாரும் அந்தமான், மாலத்தீவுன்னு போட் எடுத்துட்டு தீவு தீவா சுத்தி நங்கூரம் போட்டு மீன் புடிச்ச கதையா சொல்றீங்க, படிக்க நெம்ப நல்லா இருக்குதுங்க. நமக்கு அதெல்லாம் வாய்க்கல. திருப்பூர்ல கட்டிங் டேபிள்ல நிக்கறவனுக்கு தீவுன்னா பவானிசாகர் டேமுக்குள்ள கோடையில தலை நீட்டுற மண்திட்டு தானுங்க. நங்கூரம்னா பழைய வலைத்துண்டுல சுத்துன ஒரு கல்லு.

நடந்து பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. ஆனி மாசம். கூட வேலை செய்யற பையனோட அப்பாவுக்கு தெரிஞ்ச பரிசல்காரண்ணன் ஒருத்தர், லைசென்ஸ் வெச்சு டேம்ல வலை உடறவரு, "டணாய்க்கன் கோட்டை இந்த வருசம் வெளிய வந்துருச்சு, பாக்கறதுன்னா வாங்க கண்ணு"ன்னு சொல்லி உட்டாரு. சனிக்கிழமை சம்பளம் வாங்குன கையோட நாலு பேரு கெளம்பிட்டோம். கோட்டை தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒய்சள ராஜா காலத்துல தண்டநாயக்கர் ஒருத்தர் கட்டுனது, அந்த தண்டநாயக்கன்தான் வாயில பொரண்டு பொரண்டு டணாய்க்கன் ஆயிருச்சு. 1955-ல டேம் கட்டி முடிச்சப்ப மொத்தமா தண்ணிக்குள்ள போயிருச்சு, சாமிய மட்டும் முன்னாடியே எடுத்துட்டு வந்து பவானிசாகர்ல கோயில் கட்டி வெச்சுட்டாங்க. தண்ணி நல்லா வத்துற வருசம்தான் கல்மண்டபம் வெளிய தெரியும்.

பரிசல்னா இப்ப வர்ற பைபர் இல்லீங்க, மூங்கிப் பரிசல், அடியில ஷீட்டு ஒட்டி தார் பூசுனது, வெயில்ல உக்காந்தா பேண்ட்டுல ஒட்டிக்கும். கோட்டையப் பாத்துட்டு சாயங்காலம் ஒரு வளைவுக்குள்ள கல்லை எறக்கிட்டு தூண்டி போட்டோம். கோதுமை மாவை மஞ்சப்பொடி போட்டு பெசஞ்சு உருண்டை புடிச்சா ஜிலேபி மீனு கடிக்கும்னு அண்ணன் சொன்னாரு, கடிச்சுது, ஆனா உள்ளங்கை அளவுக்கு மேல ஒண்ணும் வல்ல. அவரு மட்டும் தங்கூசி வலைய (மெல்லிசு நைலான் நரம்புல பின்னுனது) வரிசையா உட்டுட்டு பாட்டல் தக்கை மெதக்கறத பாத்துட்டு கம்முனு பீடி புடிச்சுட்டு இருந்தாரு.

அங்கதான் ஒண்ணு பாத்தனுங்க. தண்ணி அங்க பன்னெண்டு அடி கூட இருக்காது, இவரு கயித்த உட்டுட்டே இருக்கறாரு, முப்பது நாப்பது அடி போயிருச்சு. ஏனுங்ணா இவ்ளோ நீளம்னு கேட்டா, அடியில பூரா சேறு தம்பி, கயிறு கட்டையா இருந்தா காத்து தள்ள தள்ள கல்லு பொளக்குனு எந்திரிச்சு வந்துரும், நீளமா உட்டா படுத்து இழுக்கும், அப்பத்தான் சேத்துல சொருகி நிக்கும்னாரு. டேம் உயரம் 120 அடி, அதுல 15 அடி சேறுன்னு கழிச்சுட்டு 105-ன்னுதான் கணக்கே சொல்லுவாங்க, பேப்பர்ல தெனம் நீர்மட்டம் படிக்கறவங்களுக்கு இது தெரியும். கெளம்பறப்ப அந்தக் கல்லை புடுங்கறதுக்குள்ள நாலு பேருக்கும் தோள்பட்டை கழண்டுருச்சு, அது வேற கதை.

பொழுது எறங்கறப்ப வடக்கால கரையில, மாயாறு பக்கம், ஆனைக்கூட்டம் தண்ணிக்கு வந்துச்சு. ஏழோ எட்டோ. குட்டி ஒண்ணு சேத்துல சறுக்கி உழுந்து, அம்மாக்காரி காலாலயே ஒரு நெம்பு நெம்பி தூக்கி உட்டுச்சு. யாரும் பேசல. ஆழமில்லாத தண்ணின்னா ஆனை நடந்தே வந்துரும், அதனால நாலு பக்கமும் ஆழமா இருக்கற திட்டா பாத்துத்தான் ராத்திரி தங்கணும்னு அண்ணன் நடுவுல இருந்த ஒரு திட்டுக்கு கூட்டிட்டு போனாரு. அதுல பட்டுப்போன மரம் ஒண்ணோட மொட்டை மட்டும் தண்ணியோரமா நிக்குது, கயித்த அதுல கட்டி நெம்ப நீளமா உட்டுட்டு சோறாக்க உக்காந்துட்டாரு. அரிசிம்பருப்பு சோறும் பொரிச்ச ஜிலேபியும். அந்த ருசி பத்தி எழுதுனா பதிவு முடியாது.

இப்ப எம்பட கோளாறுக்கு வரேன். ராத்திரி காத்து கெளம்பிருச்சு, ஆனிக் காத்து எப்படின்னு நம்மாளுகளுக்கு சொல்ல வேண்டியதில்ல. பரிசல் அக்கட்டையும் இக்கட்டையும் போயி போயி திட்டுல டொம்மு டொம்முன்னு இடிக்குது, தூங்க முடியல. அண்ணன் நல்லா தூங்கறாரு. நான் பெரிய இவனாட்டம் எந்திரிச்சு போயி கயித்த சுருக்கி, வெளிம்ப மொட்டையோட ஒட்டி நாலு முடிச்சு போட்டுட்டு வந்து படுத்துட்டேன். சத்தம் நின்னுருச்சு. நம்ம அறிவ நாமளே மெச்சிக்கிட்டு தூங்குனேன்.

காலுல சில்லுனு பட்டு முழிச்சா தண்ணி படுத்த எடத்துக்கே வந்துருச்சுங்க. மழையான்னு அண்ணாந்து பாத்தா வானம் பூரா நட்சத்திரம், ஒரு சொட்டு இல்ல. ஆனா தண்ணி கலங்கலா செவப்பா, சருகும் குச்சியும் மெதந்துட்டு வருது. மழை பேஞ்சது நீலகிரி மேல. பவானி ஆத்துல மேல இருக்கற பில்லூர் டேம் 100 அடி, அது 97 தொட்டா மதகைத் தொறந்துருவாங்க, அந்தத் தண்ணி மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியா நேரா இங்கதான் வரும். பவானிசாகர் ரொம்புனா 32.8 டிஎம்சி, அப்ப இதெல்லாம் தெரியாது, ஆனா வத்திக் கெடக்கறப்ப அடியில எடம் கம்மி, கிடுகிடுனு ஏறும். (2019 ஆகஸ்ட்ல நீலகிரி அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்சப்ப நான் டிவி முன்னால உக்காந்து இந்தத் திட்டைத்தான் நெனச்சுட்டு இருந்தேன்.)

பரிசலைப் பாத்தா உயிரே போயிருச்சு. தண்ணி ஏறுது, பரிசல் மேல வரப்பாக்குது, எம்பட முடிச்சு உடமாட்டேங்குது. ஒரு பக்க வெளிம்பு அப்படியே தண்ணிக்குள்ள அமுங்கி, பளபளனு உள்ள ஊத்திட்டு இருக்குது, அக்கட்ட வெளிம்பு ஆகாசத்த பாத்துட்டு நிக்குது. இருக்கறது அந்த ஒரே பரிசல். முடிச்ச அவுக்கப் போனா நனஞ்சு கல்லாட்டம் இறுகிருச்சு, நகம் பேந்ததுதான் மிச்சம். அண்ணன் ஒண்ணும் கேக்கல, மீனறுக்கற கத்திய எடுத்துட்டு இடுப்பளவு தண்ணில எறங்கி ஒரே அறுப்பு. பரிசல் தொப்புனு மட்டத்துக்கு வந்துச்சு, பாதிக்கு மேல தண்ணி. தூக்குப்போசில (தூக்குச்சட்டி) மொண்டு மொண்டு ஊத்துனோம், ஒருத்தன் ஹெல்மெட்டுல மொண்டான் (எதுக்கு பரிசலுக்கு ஹெல்மெட் கொண்டாந்தான்னு இன்னிக்கு வரைக்கும் அவன் சொல்லல).

விடிஞ்சு பாத்தா திட்டுல ஒரு கட்டில் போடற எடந்தான் பாக்கி. பெரிய போசி, ரெண்டு ஜோடி செருப்பு, மீதி அரிசி எல்லாம் போயிருச்சு. ஆனா வலையில பாக்கணுமே, புதுத்தண்ணிக்கு கெளுத்தியும் ரோகும் அப்பிக் கெடக்குது, அண்ணன் மொகத்துல அப்பத்தான் சிரிப்பு வந்துச்சு. கரைக்கு வந்து எறங்குனதுக்கு அப்புறம் மொத வார்த்தை, "கயித்துக்கு நூத்தம்பது ரூவா குடு தம்பி". குடுத்தேன். யாரு கட்டுனதுன்னு அவரு கேக்கவே இல்ல.

இப்ப போலாமான்னு கேக்காதீங்க. சுத்தி இருக்கற காடு 2013-ல சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஆயிருச்சு, திட்டுல ராத்தங்கறதெல்லாம் நெனச்சே பாக்கக்கூடாது. பரிசல் ஆசைன்னா பரளிக்காட்டுல பில்லூர் தண்ணில வனத்துறையே ஓட்டுது, லைப் ஜாக்கெட் குடுத்து, மத்தியானம் மலைவாழ் பொம்பளைங்க சமைச்ச சோறோட. மீன் புடிக்க உடமாட்டாங்க.

அடுத்த வருசம் சித்திரையில அண்ணன் போன் பண்ணுனாரு. தண்ணி வத்திருச்சு, உங்க போசி திட்டுல சேத்துக்குள்ள கவுந்து கெடக்குது, எடுத்து வெக்கட்டுமான்னு. வெச்சுக்கங்ணா, நீங்களே பொழங்குங்கன்னு சொல்லிட்டேன்.