மாற்று இதயத்தின் கொரோனரி நோயில் வெளிச்சுவருக்குப் பங்கு உண்டா?

கேள்வி:
மாற்று இதயத்தின் (தானமாகப் பெற்றுப் பொருத்திய இதயம்) கொரோனரி தமனியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இன்டிமா என்ற உள்ளுறை சுற்றிலும் தடித்திருக்கிறது. எல்லாரும் பேசுவதும் அதைத்தான். ஆனால் அட்வென்டிஷியா என்ற வெளியுறையிலும் லிம்போசைட் (நோயெதிர்ப்பு வெள்ளணு) திரள்களும் கனத்த கொலாஜனும் (நார்ப்புரதம்) தெரிகின்றன. இது வெறும் உடன்விளைவா? எப்படி அளப்பது?

பதில் 1:
உடன்விளைவு மட்டும் அல்ல. தமனிச் சுவருக்கு ரத்தம் தரும் வாசா வாசோரம் நுண்குழாய்கள் அட்வென்டிஷியாவில்தான் ஓடுகின்றன. இதயத்தைப் பெற்றவரின் டி செல்களுக்கு (ஒருவகை லிம்போசைட்) அது பின்வாசல். நாளடைவில் பி செல்களும் (இன்னொரு வகை லிம்போசைட்) எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களும் சேர்ந்து, நிணக்கணு போன்ற திரள்களே அங்கு உருவாகலாம். டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் தூண்டினால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (நார்த்திசு செல்கள்) சுருங்கும் திறனுள்ள மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறி, கொலாஜனைச் சுரந்து, சுவரை இறுக்கிப் பிடிக்கின்றன. சாதாரண அதிரோஸ்கிளிரோசிஸில் (தமனியில் கொழுப்பு படியும் நோய்) தொடக்கத்தில் குழாய் வெளிப்பக்கம் விரிந்து லூமனை (ரத்தம் ஓடும் உள்வழி) காப்பாற்றும். இங்கே அந்த விரிவு தடைபடுகிறது, பல இடங்களில் குழாயே சுருங்குகிறது.

ஐவஸில் (தமனிக்குள் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) இதைப் பிரித்துப் பார்க்கலாம். கணக்குக்காக: முதல் பரிசோதனையில் வெளி மீள்படலத்துக்குள் (அட்வென்டிஷியாவுக்குச் சற்று உள்ளே இருக்கும் மீள்சவ்வு) பரப்பு 16 சதுர மி.மீ., லூமன் 10. ஓராண்டில் அவை 13, 6 ஆகின்றன. லூமன் இழந்தது 4. இடையிலுள்ள சுவர்ப் பரப்பு 6-லிருந்து 7 ஆனதால் இன்டிமா தடித்தது 1 மட்டுமே, மீதி 3 சுருக்கம். இன்டிமா தடிமனை மட்டும் அளந்தால் இந்த 3 கண்ணில் படாது. இரண்டு முறையும் ஒரே கிளைத் தமனியை அடையாளமாக வைத்து அதே இடத்தை அளக்க வேண்டும்.

பதில் 2:
திசுவில் பார்ப்பவர்களுக்கு: தமனியைக் கொழுப்பிலிருந்து உரித்து எடுக்காதீர்கள், அட்வென்டிஷியா அதோடு போய்விடும். சுற்றுக் கொழுப்போடு சேர்த்து, சுமார் 100 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஃபார்மலின் செலுத்திப் பதப்படுத்துங்கள். அழுத்தமில்லாமல் பதப்படுத்திய குழாய் மடிந்து, சுருங்கியதுபோலவே தெரியும். மீள்படலத்துக்கு வெர்ஹோஃப் சாயம், கொலாஜனுக்கு மேசன் டிரைக்ரோம். கூடவே டி செல்களுக்குச் சிடி3, பி செல்களுக்குச் சிடி20, நுண்குழாய்களுக்குச் சிடி31 எதிர்ப்பொருள் சாயங்கள். சாய்வாக வெட்டினால் சுவர் தடித்ததாகக் காட்டும், ஆகவே நேர்க்குறுக்கு வெட்டு கட்டாயம். எண்டோமையோகார்டியல் பயாப்ஸியில் (இதயத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கும் திசுத்துணுக்கு) இதைத் தேட வேண்டாம், இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடும் எபிகார்டியத் தமனி அதில் வராது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எவரோலிமஸ் (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து) கொடுத்தால் சுருக்கமும் நிற்குமா?

பதில் 1:
இன்டிமா தடிப்பதை அது குறைக்கிறது. ஆனால் ஏற்கெனவே படிந்து இறுகிய அட்வென்டிஷியா கொலாஜனை அது கரைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. புண் ஆறுவதை அது தாமதப்படுத்தும் என்பதால், அறுவைசிகிச்சை முடிந்த உடனே தொடங்குவதிலும் எச்சரிக்கை தேவை. ஸ்டென்ட் ஓரிடத்தைத்தான் திறக்கும், இந்த நோயோ குழாய் நெடுகிலும் பரவியிருக்கும்.