பழைய நான்கடி மீன் தொட்டி: அடிப்பலகையில் ஈரம், பால்போல் வெளுத்த தண்ணீர், இறக்கும் மீன்கள்

திருநகர்வாசி:

வணக்கம். மீன் வளர்ப்பில் எனக்கு அனுபவம் கிடையாது. சிறு வயதில் கண்மாயில் பிடித்த குஞ்சுகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது. பணிமாறுதலில் ஊரைக் காலி செய்த ஒருவரிடமிருந்து 4 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டியை, ஆங்கிள் இரும்பு ஸ்டாண்டு, டாப் ஃபில்டர், காற்று மோட்டார் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்கு வாங்கி, குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து, மாடி வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறேன். கண்ணாடி 10 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு ஆண்டுகளாக அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீரில்லாமல் வெயிலில் கிடந்ததாம்.

பாதி போர் தண்ணீர், பாதி மாநகராட்சித் தண்ணீர் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரப்பினேன். மறுநாளே 12 தங்கமீன்களையும், பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் சொன்ன ஒரு 'டேங்க் கிளீனர்' மீனையும் விட்டேன். வியாழனன்று தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர்போல் வெளுத்தது. வெள்ளியன்று மூன்று மீன்கள் இறந்தன. பயந்துபோய் முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் குழாயடியில் தெளிந்த நீர் வரும்வரை அலசி, குழாய்த் தண்ணீரையே நேராகப் பிடித்து மீண்டும் நிரப்பினேன். அடுத்த இரண்டு நாள்களில் மேலும் நான்கு இறந்தன. எஞ்சியவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

இது போதாதென்று, காற்று மோட்டாரும் மின்பலகையும் இருக்கும் ஸ்டாண்டின் கீழ்ப்பலகை இரண்டு முறை நனைந்திருந்தது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒழுகிய தடம் எதுவும் தென்படவில்லை. ஆர்.ஓ. மெஷின் பழுதுபார்ப்பவரின் மீட்டரில் அளந்தபோது, நீரில் கரைந்த உப்புகளின் அளவான டிடிஎஸ் 720 காட்டியது. பிஎச் தாளில் 8. தொட்டியை என்ன செய்வது, மீன்களை எப்படிக் காப்பாற்றுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேலூர்க்காரர்:

போர் தண்ணீரில் எந்த மீனும் நிற்காது. இருப்பதை முழுவதும் கொட்டிவிட்டு, கேன் தண்ணீர் வாங்கி நிரப்புங்கள். மெத்திலீன் புளூ என்கிற நீல மருந்து நான்கு சொட்டு விட்டால் சரியாகிவிடும்.

செல்லூர் கண்ணாடிக்காரர்:

தம்பி, மீன் வைத்தியம் எனக்குத் தெரியாது. கண்ணாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் நான் கேட்பதற்கு விடை சொல்லுங்கள். தொட்டியின் உள்மூலைகளில் சிலிக்கான் என்ன நிறத்தில் இருக்கிறது? விரல் நகத்தால் அதன் ஓரத்தை நெருடினால் தோல்போல் உரிகிறதா? மேல்விளிம்பில் முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் பிணைக்கும் குறுக்குப்பட்டை இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பலகை நனைந்திருந்த அந்த இரண்டு நாள்களும் எந்தெந்த நாள்கள்?

வெயிலில் காய்ந்து கிடந்த தொட்டி என்பதால் கேட்கிறேன். உள்மூலையில் நீளமாக இழுத்திருக்கும் சிலிக்கான் ஒரு காப்பு மட்டுமே. தொட்டியைத் தாங்கி நிற்பது இரண்டு கண்ணாடிகள் சந்திக்கும் இடுக்கில் உள்ள சிலிக்கான்தான். உட்பூச்சு உரிந்திருந்தால் பிளேடால் முழுவதும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புதிதாக இழுக்கலாம். பழையதன்மேல் புதியதைப் பூசினால் பிடிக்காது, பலரும் செய்யும் தவறு அது. இடுக்கில் வெள்ளைக் கோடுகளோ, உள்ளிருந்து வெளிவரை தொடரும் காற்றுக்குமிழ்களோ தெரிந்தால் தொட்டியைப் பிரித்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சை பிடிக்காதது என்று எழுதியிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். குளியலறைக்கு நல்லதாயினும் அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது.

திருநகர்வாசி:

அண்ணனுக்கு நன்றி. சிலிக்கான் வெளிர்நீலமாக இருக்கிறது. அப்படியே வாங்கி ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நகத்தால் நெருடிப் பார்த்தேன், ஓரிடத்திலும் உரியவில்லை. குறுக்குப்பட்டை இல்லை, ஆனால் நடுவில் இரண்டு பக்கமும் பழைய பசைத் தடம் இருக்கிறது. பலகை நனைந்த முதல் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்திய நாள். இரண்டாவது, இரவில் மழை பெய்து மின்சாரம் போயிருந்த நாள். இவ்விரண்டையும் சேர்த்து எழுதும்போதுதான் எனக்கே ஏதோ உறைக்கிறது.

செல்லூர் கண்ணாடிக்காரர்:

உங்களுக்கு உறைத்தது சரிதான். தொட்டி ஒழுகவில்லை. காற்று மோட்டார் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மின்சாரம் நின்றதும் காற்றின் தள்ளுவிசை நின்று, தொட்டியின் தண்ணீர் அந்த மெல்லிய குழாய் வழியாகவே பின்னோக்கி இறங்கி, மோட்டாருக்குள் புகுந்து, அதன் ரப்பர் மடலைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாகப் பலகையில் வடிகிறது. மின்சாரம் வந்ததும் மோட்டார் மீண்டும் ஊதுவதால் தடயமும் இருக்காது. குழாயின் நடுவில் ஒருவழி வால்வு ஒன்றைச் சொருகுங்கள். ஐம்பது ரூபாய் கூட ஆகாது. அதைவிட நல்லது, மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவது. நனைந்த மோட்டாரைக் காயவைத்துச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். மின்பலகையையும் கீழிருந்து எடுத்துவிடுங்கள். வயர் பிளக்கை நோக்கி ஏறுவதற்கு முன் ஒரு தொய்வு வைத்தால், வயரில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும், இதில் சோம்பல் கூடாது.

மீன் தொட்டி ஒட்டும் சிலிக்கான் பொதுவாக நீலமாக வருவதில்லை, தம்பி. முன்பு வைத்திருந்தவர் நீல மருந்தை அள்ளி ஊற்றியிருக்கிறார். கண்ணாடியில் நிற்காத சாயம் சிலிக்கானில் ஊறிவிடும். நடுப்பட்டை உடைந்ததுதான் எனக்குப் பெரிய கவலை. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் கண்ணாடி வெளிப்பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரியும். 4 அங்குல அகலத்தில் 10 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை நடுவில் ஒட்டும்வரை தண்ணீரை ஒன்றரை அடிக்குமேல் ஏற்றாதீர்கள். ஸ்டாண்டின்மேல் ரசமட்டமும் வைத்துப் பாருங்கள்.

ஒத்தக்கடை ஆசிரியை:

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள், வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக மீன் வளர்ப்பவள். ஒன்றரை அடி என்று அண்ணன் சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. முன்கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் உங்கள் 120 சென்டிமீட்டர் கண்ணாடியின் மீது ஏறத்தாழ 216 கிலோ எடைக்குச் சமமான விசை இருக்கும், 45 சென்டிமீட்டருக்கு இறக்கினால் அது 121 கிலோவாகக் குறைந்துவிடும். கால்பங்குத் தண்ணீரைக் குறைத்தால் பளு கிட்டத்தட்ட பாதியாகிறது. மாடி வீடு என்பதால் மொத்த எடையையும் சொல்லிவிடுகிறேன். விளிம்புவரை 324 லிட்டர், கண்ணாடி 60 கிலோவுக்குமேல், மணல், ஸ்டாண்டு என்று 400 கிலோவைத் தாண்டும். கூடத்தின் நடுவில் வைக்காமல் உத்தரம் ஓடும் சுவரோரமாக, நான்கு கால்களுக்கும் கீழே அகலமான பலகை கொடுத்து வையுங்கள். வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இனி மீன்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமமே அவற்றுக்கு வினையாகிவிட்டது. மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனம் அழுகுவதிலும் அதுதான் வருகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை அதிகம் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்சிலும் வளையங்களிலும் மணலிலும் ஒட்டி வளர்கின்றன, போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஒரே நாள் வயதுள்ள தொட்டியில் 12 தங்கமீன்களை விட்டது, அடுப்பே மூட்டாத வீட்டுக்குப் பந்திக்கு ஆள் அழைத்ததுபோல. பிறகு, கொஞ்சமேனும் முளைத்திருந்த பாக்டீரியாவை, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசிப் போக்கிவிட்டீர்கள். அதே குளோரின் மீன்களின் செவுளையும் அரித்திருக்கும். தண்ணீர் வெளுத்தது வேறுவகை பாக்டீரியாவின் திடீர்ப் பெருக்கம்; பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அது தானாகவே அடங்கும், அதற்காகத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை.

பிஎச் 8 என்பதும் இங்கே கெடுதலாக வேலை செய்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவே நஞ்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதம் ஆகிறது, நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது இன்னும் கூடுகிறது. சூடேறிய நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பது இவை எல்லாவற்றாலும்தான்.

மேலூர் நண்பர் சொன்ன இரண்டையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. தங்கமீன், மோலி, கப்பி, வாள்வால் எல்லாம் கடின நீரில் நன்றாகவே வாழும். என் தொட்டியே போர் தண்ணீர்தான். டிடிஎஸ் 720-இல் பழகிய மீனைத் திடீரென்று உப்பு மிகக் குறைந்த கேன் தண்ணீருக்கு மாற்றினால் அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும். நீல மருந்து பூஞ்சைக்குத் தனிப் பாத்திரத்தில் பயன்படுவது. இத்தொட்டியில் ஊற்றினால் நமக்குத் தேவையான பாக்டீரியாவையும் அது அழிக்கும்.

இன்றே செய்ய வேண்டியது: குழாய்த் தண்ணீரைப் பெரிய டிரம்மில் பிடித்து, குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை அளவாகக் கலந்து, தினமும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். டிரம்மை மூடி வையுங்கள், இல்லையேல் மீனுக்கு முன் கொசுப்புழு வளர்ந்துவிடும். தீவனம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்கு. அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் கிட் வாங்கிவிடுங்கள். டிடிஎஸ் மீட்டர் இவ்விரண்டையும் காட்டாது. ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்கு வர முடிந்தால், என் ஃபில்டரில் ஓராண்டாக ஓடும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தருகிறேன். தொட்டித் தண்ணீரோடேயே வாளியில் எடுத்துப்போய், காயவிடாமல் அன்றே உங்கள் ஃபில்டருக்குள் வைத்துவிட வேண்டும். பழுப்பாக, சேறு படிந்ததுபோல் இருக்கும், தயவுசெய்து கழுவிவிடாதீர்கள்.

திருநகர்வாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒருவழி வால்வு சொருகிய பின் இரண்டு மின்தடைகள் வந்தும் பலகை உலர்ந்தே இருக்கிறது. நூல் வைத்துப் பார்த்ததில் நடுவில் 3 மில்லிமீட்டர் வளைவு தெரிந்தது. நீர்மட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கியதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. ரசமட்டத்தில் ஸ்டாண்டின் இடது முன்கால் தாழ்ந்திருந்தது. தொட்டியை முக்கால்வாசி காலி செய்து, ஸ்டாண்டின் காலுக்கடியில் தகடு வைத்துச் சரிசெய்தேன்.

மீன்களில் மேலும் ஒன்று இறந்து, நான்கு தங்கமீன்கள் நன்றாக இருக்கின்றன. முதல் சோதனையில் அம்மோனியா 2 காட்டியது. டீச்சர் கொடுத்த ஸ்பாஞ்சை வைத்தபின் மெல்லக் குறைந்து இப்போது ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் நைட்ரைட் 1 என்று காட்டுகிறது. இது பயப்பட வேண்டியதா? 'டேங்க் கிளீனர்' மீன் கண்ணாடிப் பாசியை விட்டுவிட்டுத் தங்கமீன்களின் பக்கவாட்டில் போய் ஒட்டுகிறது. அதை வண்டியூர் கண்மாயில் விட்டுவிடலாமா?

ஒத்தக்கடை ஆசிரியை:

முதல் வகை பாக்டீரியா வந்துவிட்டது, இரண்டாம் வகை வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் நைட்ரைட் காட்டுவதன் பொருள். அதுவரை லிட்டருக்கு 1 கிராம் வீதம், உங்கள் 240 லிட்டருக்குக் கால் கிலோ கல் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். ஆவியாகும் நீரோடு உப்பு போகாது. எனவே வெளியேற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டும் மீண்டும் சேர்த்தால் போதும்.

அந்த மீனைக் கண்மாயிலோ வைகையிலோ விடவே கூடாது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அது ஒன்றரை அடிவரை வளரும். முதுகு முழுவதும் எலும்புத் தகடு, வலையைக் கிழிக்கும், கரையில் பொந்து பறித்து முட்டையிடும். இப்படி வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டே தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செல்லூர் கண்ணாடிக்காரர்:

பட்டை ஒட்டிய பின் ஒரு வாரம் காயட்டும். அதன்பின் நாளுக்கு 2 அங்குலமாக ஏற்றி, ஒவ்வொரு நாளும் நூலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநகர்வாசி:

அப்படியே செய்கிறேன், அண்ணே. மீனைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். பணம் தரவில்லை, பதிலுக்கு இரண்டு டப்பா தீவனம் கொடுத்தார். டீச்சர் சொன்ன கணக்கில் போட்டால் இது அடுத்த சித்திரைவரை வரும்.